பிரெஞ்சு நூல்கள் கடல் கடப்பது எப்படி?

போர்த்துக்கேயர் காலத்து முஸ்லிம் வணிகர்களைப் பற்றித் தேடிய நாட்களில், அடிக்குறிப்புகளில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது: ஜெனவியேவ் பூஷோன். கண்ணனூர் வணிகர் மம்மாலி பற்றிய அவருடைய பிரெஞ்சு நூல் 1975 இல் வெளியானது. கொழும்பில் புத்தகக் கடை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் விசாரித்தேன். "பிரெஞ்சுப் புத்தகமா? அதெல்லாம் எங்கட கைக்கு வராது தம்பி" என்றார்.

அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1988 இல்தான் வந்தது. இடையில் பதின்மூன்று வருடங்கள். அதுவரை பிரான்சுக்கு வெளியே இருந்த ஆய்வாளர்கள் இப்படியான நூல்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களையே நம்பியிருந்தார்கள். சரி, அந்த நூலகங்களுக்கு அவற்றை அனுப்புவது யார்?

இதற்கென்றே தனி வகைப் புத்தக வியாபாரிகள் இருக்கிறார்கள். தெருவில் போகிறவருக்கு விற்பது அவர்களுடைய பிரதான தொழில் அல்ல. வாடிக்கையாளர் நூலகம்தான். பாரிஸில் ஜோன் தூஸோ, அமாலிவ்ர் ஆகியவை இத்துறையில் அறியப்பட்ட பெயர்கள். ஆம்ஸ்டர்டாமின் எரஸ்மஸ் நிறுவனத்தை, நாஸிகளிடமிருந்து தப்பி பெர்லினை விட்டு வந்த ஏப்ரஹாம் ஹொரோடிஷ் 1934 இல் தொடங்கினார்.

வேலை நடப்பது இப்படி. நூலகம் தனக்கு வேண்டியதை ஒரு விருப்பக் குறிப்பாக எழுதிக் கொடுக்கும்: வரலாறு வேண்டும், இலக்கியம் வேண்டும், பாடசாலை நூல் வேண்டாம், மொழிபெயர்ப்பு வேண்டாம். புதிதாக வெளிவருபவற்றை வியாபாரி பார்த்து, பொருந்துவதை ஒவ்வொன்றாக ஓடர் வரும்வரை காத்திராமல் அனுப்பிவிடுவார். சந்தேகமானதற்கு அறிவிப்பு மட்டும் போகும், நூலகர் தீர்மானிப்பார். தொடர் வெளியீடுகளுக்கு நிரந்தர ஓடர் உண்டு. மெல்லிய அட்டையோடு வருவதைக் கட்டுவித்து அனுப்புவதும், நூற்பட்டியல் விபரத்தைக் கூடவே தருவதும் உண்டு.

"இணையத்தில் வாங்கேலாதா?" எண்டு கேட்கலாம். பெரிய பதிப்பகத்தின் நாவலென்றால் வாங்கலாம். ஆனால் ஒரு நூதனசாலையின் கண்காட்சி நூல், சிறு சங்கமொன்றின் கருத்தரங்குத் தொகுப்பு போன்றவை சாதாரணக் கடைகளுக்கு வருவதே அரிது. அவற்றைத் தேடிப் பிடிப்பதில்தான் இவர்களுடைய திறமை இருக்கிறது. சில நூறு பிரதிகளே அச்சாகும் நூலை முதல் ஓரிரு வருடங்களில் எடுக்காவிட்டால், பிறகு பழைய புத்தகக் கடைகளில்தான் அலைய வேண்டும்.

இதிலே எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பிரெஞ்சு நூல் எண்டால் பிரான்சின் கதை மட்டுமல்ல. மக்ரிபும், மேற்கு ஆபிரிக்காவும், எங்கட கடலும் அந்த மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் நூலகத்தின் விருப்பக் குறிப்பில் 'இந்து சமுத்திரம்' என்ற சொல் இல்லாவிட்டால், பாரிஸில் இருக்கும் வியாபாரி மம்மாலியை இன்னொரு நாட்டுக்கான நூலென்று ஒதுக்கிவிடுவார். அது அவருடைய பிழையுமல்ல.

அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் எங்கட பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: நூலகரிடம் போய், உங்களுடைய ஆய்வுக்கு எந்தத் துறை நூல்கள் வேண்டுமென்று சொல்லுங்கள். அந்தக் குறிப்பில் ஒரு வரி கூடினால், அடுத்த பார்சலில் எங்கட வரலாறும் வந்து சேரலாம்.