ஈர்ப்பு வில்லையும் கரும்பொருளும்

ஈர்ப்பு வில்லை என்பது, தனக்குப் பின்னால் தொலைவில் உள்ள விண்பொருளின் ஒளியைத் தன் ஈர்ப்பினால் வளைக்கும் பெருந்திணிவு ஆகும். எவ்வகை ஒளியையும் உமிழாத கரும்பொருள், பேரண்டத்தில் எவ்வாறு பரவியுள்ளது என்பதை அறிய இது முதன்மையான வழிகளுள் ஒன்று.

வரலாறு

சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 வில்விநாடி விலகும் என்று ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கோட்பாடு கூறியது. 1919ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தின்போது இது முதலில் சோதிக்கப்பட்டது. 1922 செப்டம்பர் 21 கிரகணத்தின்போது இதையே அளக்க, கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் எவர்செட் ஆத்திரேலியாவின் வாலல் என்னும் இடத்துக்குச் சென்றார். கருவிக் கோளாறினால் அவரது முயற்சி பலனளிக்கவில்லை. அதே இடத்தில் அமெரிக்காவின் லிக் வானாய்வகக் குழு விலகலை உறுதி செய்தது.

விண்மீன் பேரடைகளும் வில்லைகளாகச் செயற்படும் என 1937இல் பிரிட்ஸ் சுவிக்கி எடுத்துரைத்தார். 1979இல் ஒரே குவாசார் இரண்டு உருக்களாகத் தெரிவது கண்டறியப்பட்டு, முதல் ஈர்ப்பு வில்லை அறியப்பட்டது.

வகைகள்

* வலுவான வில்லை விளைவு: பின்னணிப் பேரடை பல உருக்களாகவோ, நீண்ட வில்லாகவோ, வளையமாகவோ தோன்றும்.
* மெலிந்த வில்லை விளைவு: பேரடைகளின் உருவம் மிகச் சிறிதளவே திரியும். தனியொரு பேரடையில் இதை உணர முடியாது. ஏராளமான பேரடைகளின் வடிவங்களை அளந்து சராசரி காண வேண்டும்.

கரும்பொருள் ஆய்வு

உருத்திரிபின் அளவிலிருந்து வில்லையின் மொத்தத் திணிவைக் கணிக்கலாம். அது கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களும் வளிமமும் சேர்ந்த திணிவைவிட மிகுதியாக இருப்பின், எஞ்சியது கரும்பொருள் எனக் கொள்ளப்படுகிறது. 2006இல் வெளியான 'புல்லட்' பேரடைக் கொத்து ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு இரு கொத்துகள் மோதியதில் வெப்ப வளிமம் பின்தங்கியது. வில்லை விளைவு காட்டிய திணிவோ பேரடைகளுடன் சேர்ந்து முன்சென்றிருந்தது.

கோயம்புத்தூரில் பிறந்த யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியம்வதா நடராஜன் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். கொத்தின் பொதுத் திணிவிலிருந்து, அதனுள் உள்ள தனிப் பேரடைகளைச் சூழ்ந்த கரும்பொருளைப் பிரித்தறியும் முறையை 1997இல் இழான்-பவுல் நைப்புடன் இணைந்து அவர் வெளியிட்டார்.

தீராத முரண்பாடு

மாசிமோ மெனெகெட்டி தலைமையில் நடராஜனும் பங்கேற்று 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொத்துகளில் உள்ள சிறு கரும்பொருள் திரள்கள், கணினி மாதிரிகள் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வில்லை விளைவைத் தருகின்றன. மாதிரிகளின் நுண்மைக் குறைவே இதற்குக் காரணம் எனச் சில பிற்கால ஆய்வுகள் வாதிட்டன. அவ்வாறு இல்லையெனில், கரும்பொருளின் இயல்பு பற்றிய இன்றைய கருத்தையே திருத்த வேண்டியிருக்கும்.