பெயரை விற்கலாமா?

நன்கொடையாளர் விரும்பும் பெயரை விலங்குக்குச் சூட்டி நிதி திரட்டும் வழக்கம் பல நாட்டு மிருகக்காட்சிசாலைகளில் உண்டு. அன்று பிறந்த குட்டிக்கு இதனால் குறையொன்றுமில்லை. பாகனின் அழைப்புக்குப் பழகிய யானையின் நிலை வேறு. பெயரும் அதன் பயிற்சியில் ஒரு பகுதி. நிதிக்காக அல்ல, அன்பளிப்பாக 2001இல் தாய்லாந்திலிருந்து இலங்கை வந்த சக் சுரின் என்ற யானை, இங்கே முத்துராஜா ஆனது. 2022 நவம்பரில் சிகிச்சைக்காக, வெள்ளவத்தையை அடுத்த தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு மாற்றப்பட்டது. 2023 ஜூலை 2ஆம் திகதி விமானத்தில் தாயகம் திரும்பியதும், மறுபடியும் சக் சுரின்! பெயரை மாற்றாமலும் நிதி திரட்டலாம். சென்னை வண்டலூர் உயிரியல் பூங்காவில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் இருக்கிறது. 2018இல் நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்ற வெள்ளைப்புலியைத் தத்தெடுத்து, பராமரிப்புச் செலவை ஏற்றார். அனு அனுவாகவே இருந்தது. பணம் திரட்ட அதுவே நேர்மையான வழி.