மும்பை: ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கலாமா? அறிய வேண்டியவை

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் உள்ளிட்ட பகுதிகளில் மாநகராட்சிக் குழாய் நீர் போதாதபோது ஆழ்துளைக் கிணறுகளும் டேங்கர் லாரிகளும் கைகொடுக்கின்றன. எனினும், பரிசோதிக்கப்படாத நிலத்தடி நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதைக் குடிப்பது பாதுகாப்பானதல்ல.

பத்ஸா, தான்சா, வைத்தரணா உள்ளிட்ட 7 நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் மாநகராட்சி நீர் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலந்து விநியோகிக்கப்படுகிறது. தனியார் கிணறுகளில் இந்தப் பொறுப்பு முழுவதும் உரிமையாளரையே சேரும். அமெரிக்காவிலும் தனியார் வீட்டுக் கிணறுகள் மத்திய அரசின் குடிநீர் விதிகளுக்கு உட்பட்டவை அல்ல.

சான்று எதற்கு?

மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் தடையின்மைச் சான்று பெறுமாறு கிணற்று உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டதை எதிர்த்து, 2025 ஏப்ரல் 10-ஆம் தேதி டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-ஐ மாநகராட்சி பயன்படுத்தியதைத் தொடர்ந்து ஏப்ரல் 14-ஆம் தேதி போராட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சான்று நிலத்தடி நீர் எடுப்பை முறைப்படுத்துவதாகும். நீர் குடிக்கத் தகுந்தது என்பதற்கான உத்தரவாதம் அல்ல.

மாசு எப்படிச் சேர்கிறது?

மும்பையின் அடித்தளம் பெரும்பாலும் எரிமலைப் பாறையாகும். பாறை வெடிப்புகளின் வழியே நீர் விரைந்து செல்வதால், மண்ணில் வடிகட்டப்படும் வாய்ப்பு குறைவு. எனவே, கழிவுநீர்க் குழாய்க் கசிவும் மழைநீருடன் இறங்கும் அசுத்தமும் கிணற்றை எளிதில் அடையலாம். கடலையும் கழிமுகத்தையும் ஒட்டிய இடங்களில் உப்புத்தன்மையும் கூடக்கூடும்.

தரநிலை என்ன?

ஐ.எஸ். 10500 இந்தியத் தரநிலையின்படி, 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலை நுண்ணுயிரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும். ஆனால் நைட்ரேட்டும் உப்பும் நீங்குவதில்லை. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்று உயரவே செய்யும். அதிக நைட்ரேட் கலந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுப்பது, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜன் செல்வதைப் பாதிக்கக்கூடும்.

குடியிருப்புச் சங்கங்கள் செய்ய வேண்டியவை

* ஆண்டுக்கு ஒருமுறையேனும், குறிப்பாகப் பருவமழைக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும்.
* கிணற்று நீரையும் மாநகராட்சி நீரையும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. கழிவறைக்கெனக் கொண்டுவரும் நீர் சமையலறைக் குழாயை எட்டுவது பெரும்பாலும் இவ்வழியில்தான்.
* டேங்கர் நீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.
* நீரின் நிறம், மணம், சுவை மாறினாலோ, பலருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலோ, அந்நீரை உடனே நிறுத்திவிட்டு மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.