எல்க் தலைக்கு ஒரு பீடம்: கவிழாமல் நிற்க வைக்கும் கணக்கு



போன எபிசோட் முடியும்போது, "பக்கத்து வீட்டுக்காரரோட எல்க் தலைக்கு ஒரு பீடம் டிசைன் பண்ணிட்டு இருக்கேன்"னு போகிற போக்கில் சொல்லியிருந்தேன். எபிசோடில் நாற்பது நிமிஷம் ஹோம் சர்வர் பற்றிப் பேசினோம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எல்க் பற்றித்தான். ஆடியோவில் கணக்கு சொன்னால் மண்டையில் ஏறாது. அதனால் இந்த வாரம் எழுத்தில்.

ஐரோப்பாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். அங்கே இங்கிலீஷில் எல்க் என்பது இங்கே நாங்கள் மூஸ் என்று சொல்கிற விலங்கு. வட அமெரிக்காவில் எல்க் என்றால் வாப்பிட்டி. நம்ம ஊர்க் கடமானை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பெரிய உடம்பு, அதைவிட விரிந்த கொம்பு. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். நான் இருக்கும் எட்மன்டனுக்குக் கிழக்கே எல்க் ஐலண்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. 1906-ல் மிச்சமிருந்த எல்க்குகளைக் காப்பாற்ற வேலி போட்டு ஆரம்பித்த இடம்தான் அது. அதே ஆல்பர்ட்டாவில் லைசென்ஸ் எடுத்து எல்க் வேட்டைக்குப் போவதும் சகஜம். பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படி ஒருவர்.

அவருடைய எல்க் சுவரில் மாட்டுகிற வகை இல்லை. தோள் வரைக்கும் பாடம் செய்து, முதுகுப்பக்கமும் தோலால் மூடி, தரையில் பீடத்தின் மேல் நிற்கிற மாதிரி செய்தது. இத்தனை வருஷம் காட்டுக்குள் இருந்த கேபினில் ஒரு பெரிய மரக்கட்டையோடு போல்ட் போட்டு நின்றது. கேபினை விற்றாச்சு. இனிமேல் வீட்டு ஹாலில். அந்த ஹாலில்தான் அவருடைய நாலு வயசுப் பேரனும் என் ஐந்து வயசு மகளும் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். நான் இந்த வேலையை எடுத்துக்கொண்டதுக்கு அதுதான் காரணம்.

அவர் கேட்டது எளிமையானது: 50-க்கு 50 செமீ சதுரப் பெட்டி, 65 செமீ உயரம், நல்ல மரம், பாலிஷ். ஹால் சின்னது, இடத்தை அடைக்கக் கூடாது. தாங்குமா என்பது மட்டும்தான் அவர் கேள்வி. தாங்கும். 40 கிலோவை எந்தப் பிளைவுட் பெட்டியும் தாங்கும், ஐகியா மேசைகூடத் தாங்கும். இங்கே கேட்க வேண்டியது "கவிழுமா?" என்பது.

ஏன் என்று புரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கணும். பாடம் செய்த தலைக்குள் எலும்புக்கூடு எல்லாம் கிடையாது. பாலியூரித்தேன் ஃபோமில் செய்த உருவம், அதன் மேல் பதப்படுத்திய தோல், கண்ணாடிக் கண்கள். கொம்பு மட்டும் நிஜம்: மண்டையோட்டின் மேல்துண்டோடு வெட்டி எடுத்து ஃபோமில் ஸ்க்ரூ அடித்திருப்பார்கள். ஃபோம் எடை குறைவு. கொம்பு கெட்டி எலும்பு. ஆக கனமான பாகம் உச்சியில், அதுவும் முன்பக்கம் நீட்டிக்கொண்டு. வடிவமைப்பு என்று பார்த்தால் படுமோசம், ஆனால் இயற்கைக்கு நாலு கால் இருந்ததே!

இதன் ஈர்ப்பு மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 3டி ஸ்கேன் எடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஸ்கேன் வெளிவடிவத்தைத்தான் சொல்லும், உள்ளே எங்கே கனம் என்று சொல்லாது. இதற்குத் தேவை இரண்டு பாத்ரூம் தராசு, ஒரு கெட்டியான பலகை, கூட ஒரு ஆள்.

தராசுகளை 60 செமீ இடைவெளியில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மரச்சட்டம், அதன் மேல் பலகை. பலகையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். எல்க்கின் அடித்தட்டைப் பலகையில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம், தட்டின் பின்விளிம்பு சரியாகப் பின்தராசின் மேல் வருகிற மாதிரி. முன்தராசு 27 கிலோ, பின்தராசு 13 கிலோ. மொத்தம் 40. ஈர்ப்பு மையம் பின்விளிம்பிலிருந்து 27/40 × 60, அதாவது 40.5 செமீ முன்னால். அடித்தட்டின் நீளமே 45 செமீதான். அதாவது இந்த எல்க் தானாக நிற்பது வெறும் 4.5 செமீ மிச்சத்தில்! நடுவில் இருக்கும் என்று நாம் நினைக்கிற இடத்திலிருந்து 18 செமீ முன்னே இருக்கிறது.

உயரத்துக்கு, பலகையின் பின்பக்கத்தை 10 செமீ தூக்கி மறுபடி படித்தோம். சாய்த்தால் பாரம் முன்னே நகரும். எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து உயரம் கிடைத்துவிடும். முன்தராசு 27-லிருந்து 34.5 ஆனது. 7.5/40 × 60, அதைச் சாய்வின் டேன் மதிப்பான 0.169-ஆல் வகுத்தால் சுமார் 67 செமீ. பீடத்தையும் சேர்த்தால் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 132 செமீ, என் மகளின் தலைக்கு மேலே. இந்தச் சாய்க்கிற வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள், ஸ்க்ரூ போடாமலும் செய்யாதீர்கள். இன்னொன்று: 1980-களுக்கு முந்தைய மவுண்ட் என்றால் தோலில் ஆர்செனிக் இருக்க வாய்ப்பு உண்டு. கையுறை போடுங்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.

இனி எட்டாம் வகுப்பு இயற்பியல். சீ-சா பலகை மாதிரிதான். எதையும் முன்பக்கம் இழுத்தால், அது முன்கால்களைச் சேர்க்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு கவிழும். ஒவ்வொரு எடையையும் அந்தக் கோட்டிலிருந்து அது எவ்வளவு பின்னே இருக்கிறதோ அந்தத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால், அதுதான் கவிழாமல் பிடித்து வைக்கிற திருப்புத்திறன். முன்னே நீட்டியிருக்கும் கீழ்க்கொம்புக் கிளை 170 செமீ உயரத்தில் இருக்கிறது. யாராவது தடுக்கி விழும்போது கை போகிற இடம் அது. கூட்டுத்தொகையை 170-ஆல் வகுத்தால், எத்தனை கிலோ இழுவையில் கவிழும் என்று கிடைக்கும்.

அவர் கேட்ட 50 செமீ பெட்டி: எல்க்கின் ஈர்ப்பு மையம் முன்கோட்டிலிருந்து 7 செமீதான் பின்னே. 40 × 7 = 280. பெட்டி 15 கிலோ, 25 செமீ பின்னே: 375. மொத்தம் 655. வகுத்தால் 3.9 கிலோ. வேக்யூம் கிளீனர் ஹோஸ் மாட்டி இழுபட்டால் போதும்.

கால்களுக்கு நடுவே 80 செமீ இருக்கிற மாதிரி பெட்டியைப் பெரிதாக்கி (25 கிலோ), எல்க்கை நடுவிலேயே வைத்தால் 11 கிலோ. அதே பெட்டியில் எல்க்கை 15 செமீ பின்னே தள்ளினால் 14.6. காசு செலவே இல்லாமல் கிடைத்த முன்னேற்றம். அதற்கு மேல், பெட்டியின் அடியில், கொஞ்சம் பின்பக்கமாக, தோட்டத்தில் போடுகிற 40-க்கு 40 செமீ கான்கிரீட் ஸ்லாப் இரண்டு, மொத்தம் 37 கிலோ. இப்போது 25.5 கிலோ. ஃபிளைட்டில் செக்-இன் பண்ணுகிற 23 கிலோ சூட்கேஸை நினைத்துப் பாருங்கள், அதைவிடக் கொஞ்சம் அதிகம். பக்கவாட்டில் கால்களுக்கு நடுவே 75 செமீ. அந்தத் திசையில் 22.5 வருகிறது. எல்லாம் சேர்த்து 102 கிலோ. தரை தாங்குமா என்று பெரியவரின் மனைவி கேட்டார். கனடா கட்டட விதிப்படி வீட்டுத் தரைகளுக்கு 1.9 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு 194 கிலோ. இது 154 வருகிறது. ஓகே.

கால்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்கில் வருவது பெட்டியின் அகலம் இல்லை, தரையைத் தொடுகிற புள்ளிகள்தான். பெட்டியே 84 செமீ, கால்கள் 80. சுலபமாக நகர்த்த சக்கரம் போடலாமே என்று கேட்கத் தோன்றும். சுழலும் சக்கரம் உள்பக்கம் திரும்பி நின்றால் தொடும் புள்ளி சில செமீ உள்ளே போய்விடும். பார்க்க அதே பெட்டி, ஆனால் கணக்கு வேறு. உயரம் திருகிச் சரிசெய்கிற கால்களே போதும். சுவரோரக் கார்ப்பெட்டுக்கு அடியில் அதைப் பிடித்து வைக்க ஆணிப்பட்டி இருக்கும். பின்கால்கள் அதன் மேல் ஏறினால் எல்லாமே முன்னே சாயும். அந்தக் கால்களைத் திருகித் தாழ்த்த முடியணும்.

இதுவரை பெரியவர்கள் மோதினால் என்ன என்று பார்த்தோம். குழந்தை தொங்கினால்? அமெரிக்காவில் துணி அலமாரிகள் குழந்தைகள் மேல் கவிழ்ந்து பல உயிர்கள் போன பிறகு, ஸ்டர்டி சட்டம் 2022 கடைசியில் வந்தது. அதன்படி கட்டாயமான ஏஎஸ்டிஎம் எஃப்2057-23 தரம் 60 பவுண்ட், அதாவது 27 கிலோ குழந்தையை வைத்துக் கணக்குப் போடுகிறது. கார்ப்பெட்டில் நிற்பதையும் சோதிக்கிறது. எல்க்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுதான். ஆனால் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம் இல்லையா. எல்க்கின் மூக்கு ஈர்ப்பு மையத்திலிருந்து 50 செமீ முன்னே. 50 செமீ பெட்டியில் அது முன்கோட்டைத் தாண்டி 43 செமீ வெளியே நிற்கிறது: 27 × 43 = 1161. பிடித்து வைப்பது 655. கவிழும், சந்தேகமே இல்லை. புதிய டிசைனில் மூக்கு 13 செமீதான் வெளியே: 351. எதிரே 4330. இந்த இரண்டு வரிகளைக் காட்டியதும் பெரியவர் டேப்பை எடுத்துக்கொண்டு சோஃபாவை நகர்த்தப் போய்விட்டார்.

ஆனால் பெரிய பெட்டி இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. எல்க்கைப் பின்னே தள்ளினால் முன்னால் 30 செமீ மேல்தட்டு காலியாகக் கிடக்கும். நாலு வயசுப் பையனுக்கு அது தட்டு இல்லை, மேடை. அதனால் முன்பலகையைச் செங்குத்தாக வைக்காமல், எல்க்கின் அடித்தட்டு முடிகிற இடத்திலிருந்து தரை வரைக்கும் சரிவாக இறக்கினேன். வழுவழு பாலிஷ், கால் வைக்க எந்த விளிம்பும் கிடையாது. அவருக்குப் பாறை, புல், காய்ந்த கிளை எல்லாம் வைத்து ஒரு காட்டுக் காட்சி பண்ண ஆசை. பாடம் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், பார்க்கவும் அழகு. பாறை என்றால் படிக்கட்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளையைச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

வரைந்தது ஃப்ரீகேடில். அதற்குள்ளேயே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் இருக்கிறது. அளவுகளையெல்லாம் அதில் வைத்து மாடலோடு இணைத்துவிட்டால், ஒரு செல்லை மாற்றினால் பெட்டி மாறும், பக்கத்து செல்லில் கவிழும் இழுவையும் மாறும். கோடு எழுதுகிறவர்களுக்கு யூனிட் டெஸ்ட் கூடவே ஓடுகிற சுகம். பெட்டி 12 மிமீ பிர்ச் பிளைவுட், மேல்தட்டு மட்டும் 18 மிமீ. எல்க்கைப் பிடிப்பது அதன் மர அடித்தட்டு வழியாகப் போகிற நாலு போல்ட், கீழே பெரிய வாஷர். ஃபோமில் நேராக ஸ்க்ரூ போட்டால் பிடிக்காது. உயரம் 65-ஐத் தாண்டாமல் வைத்தது சீலிங்குக்காக: கொம்பு நுனி 235, சீலிங் 244. ஃபேன் இருக்கும் அறை என்றால் அதையும் பாருங்கள். சூடான காற்று வரும் தரை வென்ட் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். எட்மன்டன் குளிர்காலத்தில் நம்ம உதடே வெடிக்கிறது, தோல் என்ன பாடுபடும்.

சோதனைக்குக் கருவி, உங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிற லக்கேஜ் தராசு. பின்கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு பேப்பர். அந்தக் கிளையின் அடியில் துணி சுற்றிக் கயிறு கட்டி, பின்னால் இரண்டு பேர் பிடித்திருக்க, மெதுவாக இழுத்தேன். பேப்பர் உருவ வருகிற நொடியில் தராசைப் படிக்கணும். கராஜ் கான்கிரீட் தரையில் 25.1. ஹால் கார்ப்பெட்டில் 23.4, கார்ப்பெட் அமுங்குவதால் குறைகிறது.

இத்தனைக்குப் பிறகும் சுவரோடு ஒரு ஸ்ட்ராப் போட்டிருக்கிறோம். ட்ரைவாலில் இல்லை, உள்ளே இருக்கிற மரச்சட்டத்தில். இங்கே அவை பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் இருக்கும், காந்தத்தை வைத்துத் தேடினால் ஸ்க்ரூ காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ராப்பை மட்டும் நம்பிச் சின்னப் பெட்டி செய்யலாமே என்றால், பெயின்ட் அடிக்க ஒருநாள் கழற்றுவார்கள், மாட்ட மறந்துபோகும். இரண்டும் தனித்தனியாக வேலை செய்யணும். பெட்டிக்குப் பின்னால் மறைந்திருப்பதால் வெளியே தெரியாது. அதைப் பார்த்த பெரியவரின் மனைவி, டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் ஒன்று போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.

ஃப்ரீகேட் ஃபைலும் ஸ்ப்ரெட்ஷீட்டும் வேண்டுமென்றால் இந்த மெயிலுக்கு ரிப்ளை பண்ணுங்க, அனுப்புகிறேன். எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்க மவுண்ட்டைத் தராசில் ஏற்றி உங்க எண்களைப் போடுங்க. அடுத்த எபிசோட் ஞாயிற்றுக்கிழமை. ஹோம் சர்வரின் இரண்டாம் பாகம்.