கணவன் பெயரில் ஏரி

பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதியில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் மீனவர்களிடையே, இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாடு தலைமுறைகளாக இருந்துவருகிறது. எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதால் சண்டை சச்சரவைத் தவிர்க்கும் இம்முறை பாராட்டத்தக்கதே. ஆயினும் அவ்வுரிமை தலைக்கட்டு எனப்படும் குடும்பக் கணக்கில் ஆண்வழியாகவே இறங்குவதால், அடி உதை பொறுக்காமல் கணவனை விட்டு விலகும் பெண், தங்கியிருந்த கூரையோடு ஏரி தந்த வருமானத்தையும் இழக்கிறாள்.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இவற்றுள் முதலாவதற்கு நேரடியாகவே விடை சொல்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும், கணவனோடு குடியிருந்த வீட்டில் தங்கும் உரிமையை அதன் 17ஆம் பிரிவு மனைவிக்கு அளிக்கிறது. தாய்வீட்டுக்குப் போய்விட்டவள் அந்த ஊருக்குரிய குற்றவியல் நடுவரிடமே மனுச் செய்யலாம். மனுவை எழுதவும் இலவச வழக்கறிஞரைப் பெறவும் உதவுவதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி இருக்கிறது. மனைவி மீன் விற்ற காசைப் பிடுங்கிக்கொள்வதும், அவளைக் கேளாமல் நகையை அடகு வைப்பதும்கூடப் பொருளாதார வன்முறை என்றே இச்சட்டத்தில் கொள்ளப்படும்.

சிக்கல் பணத்தில்தான் தொடங்குகிறது. ஜீவனாம்சம் தராமல் ஏய்க்கும் கணவனின் முதலாளியோ அவனுக்குக் கடன்பட்டவரோ அத்தொகையை நேரே மனைவிக்குக் கொடுக்குமாறு 20ஆம் பிரிவின்படி நடுவர் உத்தரவிடலாம். மாதச் சம்பளக்காரனுக்கு இது சரியான கடிவாளம்; மீனவனுக்கோ முதலாளி கிடையாது, பெரும்பாலும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி அவனே கடன்பட்டு நிற்பான், வருமானமும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

ஆகவே, இக்கரையில் ஒரு பெண் மீண்டெழுவது அவள் கைக்கு நேரே வரும் காசையே பெரிதும் பொறுத்திருக்கிறது. ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, அன்னக்கூடையில் சுமந்து விற்பவளுக்கு அன்றாட முதல் வேண்டும். அதை வட்டிக்காரரிடம் வாங்கினால் லாபம் வட்டிக்கே போய்விடும் என்பதால், 1989இல் தருமபுரியில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் கடன் இங்கு உயிர்நாடியாகிறது. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பனையோலை முடைதல் மற்றொரு வழி. ஓலையைக் காயவைத்து, மெல்லிய கீற்றாகக் கிழித்து, சாயமேற்றிக் கூடையாக முடையும் இவ்வேலைக்குப் படகும் தேவையில்லை, பாடும் தேவையில்லை. ஆனால் முடைந்த கூடைக்கு நிலையான சந்தையைத் தேடித் தரும் பொறுப்பை யாராவது ஏற்றாக வேண்டும்.