பல்சக்கரமும் மின்சுருளும் ஒரே ஆயிலில்

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலையில் ஹைபிரிட் கார்கள் பெருகிவிட்டன. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் மூன்றுமே 2022இல் அறிமுகமானவை. முதலில் வாங்கியவர்களின் வண்டிகள் இப்போது பழையனவாகத் தொடங்கியிருக்கின்றன. இன்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாற்றிப் பழகியவர்கள் அடுத்ததாக கியர்பெட்டி ஆயிலைப் பற்றி யோசிக்கிறார்கள். உதிரிபாகக் கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணே, ஹைபிரிட் வண்டிக்கு கியர் ஆயில் வேணும்.”

“ஆட்டோமேட்டிக்தானே தம்பி? இந்தச் சிவப்பு ஆயில் எல்லாத்துக்கும் சேரும். எடுத்துட்டுப் போ.”

அந்தச் சிவப்பு வெறும் சாயம். எந்த ஆயில் என்று அடையாளம் காணவும், கசிந்தால் கண்ணில் படவும் கலப்பது. நிறம் ஒன்றாக இருக்கும் இரண்டு ஆயில்களின் குணம் முற்றிலும் வேறாக இருக்கலாம். ஹைபிரிட் காரில் இந்த வேறுபாடு சாதாரண ஆட்டோமேட்டிக்கைவிட அதிகமாக முக்கியமாகிறது. ஏன் என்று புரிய, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், உங்களுடையது எந்த ஹைபிரிட் என்று தெரிய வேண்டும். 2015இல் சியாஸில் தொடங்கி மாருதி பல வண்டிகளில் கொடுத்துவரும் ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ ஒரு சிறு உதவி ஏற்பாடுதான். இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்த ஒரு சின்ன மோட்டார், புறப்படும்போது கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவுதான். கியர்பெட்டி வழக்கமான மேனுவலோ ஆட்டோமேட்டிக்கோதான். அதற்குரிய ஆயிலும் வழக்கமானதே. ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் இரண்டு வகையிலும் விற்கப்படுகின்றன. ஒரே பெயர், ஒரே தோற்றம், உள்ளே இரண்டு வேறு இயந்திரங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி ஆயில் வாங்கினால் தவறான கேன் கைக்கு வர எல்லா வாய்ப்பும் உண்டு. இந்தக் கட்டுரை முழு ஹைபிரிட் வண்டிகளைப் பற்றியது. அதாவது, மின் மோட்டாரால் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியவை.

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ்தான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி. அதன் கியர்பெட்டியில் மாற்றிப் போடும் கியர்கள் கிடையாது. நடுவே ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றும் கோள் சக்கரங்கள், எல்லாவற்றையும் அணைத்து ஒரு வளையச் சக்கரம். இன்ஜின் கோள் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. சூரியச் சக்கரத்தில் முதல் மோட்டார். வளையம் வண்டியின் சக்கரங்களுக்குச் சக்தி அனுப்புகிறது. அந்தப் பக்கத்தில் இரண்டாம் மோட்டாரும் சேர்கிறது. இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் வளையத்துக்கு 78 பற்கள், சூரியனுக்கு 30. இன்ஜின் தரும் திருப்புவிசை இதே விகிதத்தில் பிரிகிறது: 100 பங்கில் 72 சக்கரங்களுக்கு, 28 முதல் மோட்டாருக்கு. பிரியும் விகிதத்தை எந்தக் கணினியும் மாற்ற முடியாது, பற்களின் எண்ணிக்கையே அதைத் தீர்மானித்துவிடுகிறது. முதல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால், இன்ஜின் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கியர் மாற்றாமலே கியர் மாற்றிய பலன் கிடைக்கிறது. தேய்ந்துபோகும் கிளட்ச் தட்டுகளோ வழுக்கும் பெல்ட்டோ டார்க் கன்வர்ட்டரோ இதில் இல்லை. இயந்திர வடிவமைப்பில் நான் கண்ட மிக அழகான எளிமைகளில் இது ஒன்று.

ஹோண்டா வேறு வழியில் போனது. அதன் முழு ஹைபிரிட்டில் இன்ஜின் பெரும்பாலும் மின்சாரம் தயாரிக்கிறது, மோட்டார் வண்டியை ஓட்டுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு இன்ஜினைச் சக்கரத்தோடு நேராக இணைக்கிறது. அங்கே ஆயிலுக்கு அந்தக் கிளட்ச்சின் உராய்வைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பும் சேர்கிறது. ஹோண்டா சிட்டியின் பெட்ரோல் சி.வி.டி. (படிகள் இல்லாமல் விகிதம் மாறும் ஆட்டோமேட்டிக்) வண்டிக்கு எச்.சி.எஃப்-2 என்ற ஆயில், அது இரும்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அதே நிறுவனத்தின் அக்கார்ட் ஹைபிரிட்டுக்கு ஏ.டி.எஃப். டி.டபிள்யூ-1. இரண்டு வண்டிகளின் கியர்பெட்டிகளும் சி.வி.டி. என்றே அழைக்கப்படுகின்றன, ஆனால் ஒன்றில் ஊற்ற வேண்டியதை இன்னொன்றில் ஊற்றக் கூடாது.

இரண்டு வடிவமைப்புகளுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. மின் மோட்டார்கள் கியர்பெட்டியின் அதே உறைக்குள் இருக்கின்றன. பற்களுக்கு உராய்வு நீக்கும் அதே ஆயில், மோட்டாரின் செம்புச் சுருள்களின் மேல் தெறித்து வழிந்து அவற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. அந்தச் சுருள்களில் இருப்பது வீட்டு மின்சாரத்தைவிட அதிக மின்னழுத்தம். இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் 500 வோல்ட் வரை, மூன்றாம் தலைமுறையில் 650 வரை. அப்படியானால் ஆயில் மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. செம்பை அரிக்கக் கூடாது. கம்பியின் மேல் பூசிய வார்னிஷைக் கரைக்கக் கூடாது. தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் எண்ணெய் செய்யும் வேலையில் பாதியை இது செய்கிறது, மீதி நேரத்தில் பல்சக்கரங்களைக் காக்கிறது. சாதாரண கியர் ஆயிலில் பற்களைக் காப்பதற்காகச் சேர்க்கும் கந்தக வேதிப்பொருள்கள் சூட்டில் செம்பைத் தாக்கக்கூடியவை. ஆகவே, “கெட்டியான கியர் ஆயில் ஊத்தினா பல்லுக்கு நல்லது” என்ற பழைய பட்டறை யோசனை இங்கே செல்லாது.

கெட்டித்தன்மையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் தலைமுறை ப்ரியஸுக்கு டொயோட்டா டி-4 என்ற ஆயிலைச் சொன்னது. அடுத்த தலைமுறைக்கு டபிள்யூ.எஸ். என்ற மெல்லிய ஆயில். பழைய டெக்ஸ்ரான்-3 வகை ஆயில்கள் 100 டிகிரி செல்சியஸில் ஏழு சென்டிஸ்டோக் அளவுக்குக் கெட்டியானவை, டபிள்யூ.எஸ். ஐந்தரைக்கும் கீழே. மூன்றாம் தலைமுறை ப்ரியஸின் மோட்டார் நிமிடத்துக்கு 13,500 சுற்றுவரை போகும். அந்த வேகத்தில் கெட்டி ஆயிலைக் கலக்குவதற்கே சக்தி வீணாகும், வீணான சக்தி சூடாக மாறும். அதோடு மெல்லிய ஆயில் சுருளின் இடுக்குகளுக்குள் எளிதாக நுழைந்து வெளியேறும். டொயோட்டாவின் புதிய தலைமுறை ஹைபிரிட்கள் சிலவற்றுக்கு டி.இ. என்ற இன்னொரு ஆயில் வந்திருக்கிறது. ஆக, ‘டொயோட்டா ஹைபிரிட்டா, டபிள்யூ.எஸ். போடு’ என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. உங்கள் வண்டியின் கையேட்டில் அளவுகள் அச்சிட்ட பக்கத்தைத் திறந்து, அங்கே என்ன பெயர் இருக்கிறதோ அதை வாங்குங்கள். வேறு நிறுவனத்தின் ஆயில் வாங்கினாலும், அந்தப் பெயருக்கு ஈடானது என்று கேனில் எழுதியிருக்க வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் ஏற்றது’ என்ற வாசகத்தை நான் நம்ப மாட்டேன்.

இந்த ஆயில் நம் வெயிலிலும் மலையிலும் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க, இனி திருத்தணிக்கு வருவோம். கோடையில் தமிழ்நாட்டின் வெப்பநிலைப் பட்டியலில் வேலூர், கரூரோடு முன்வரிசையில் நிற்கும் ஊர் இது. 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. முருகன் கோயிலுக்கு ஏறும் பாதை 365 படி உயரம்தான், காரில் போனாலும் கியர்பெட்டிக்கு அது பெரிய சோதனை இல்லை. சோதனை பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. இந்த ஊர்க் கார்கள் அடிக்கடி போகும் திருமலை, கீழே உள்ள திருப்பதியைவிட ஏறக்குறைய 700 மீட்டர் உயரம்.

1,300 கிலோ காரில் நாலு பேரும் பெட்டிகளுமாக 300 கிலோ. மொத்தம் 1,600 கிலோ எடை 700 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் சக்தி சுமார் 3 யூனிட் மின்சாரம். நம் மின் கட்டண அட்டையில் உள்ள அதே யூனிட். சக்கர உராய்வும் காற்றும் ஒரு யூனிட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும் என்று வைத்தாலும் இரண்டு யூனிட் மீதம். ஹைரைடரின் பேட்டரி முழுவதும் சேர்ந்தே 0.76 யூனிட்தான். அதிலும் முழுவதையும் நிரப்பிக் காலிசெய்யக் கணினி விடாது, நடுவில் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தும். ஆகவே பாதி மலை இறங்கும் முன்பே பேட்டரி நிறைந்துவிடும். அதன்பின் முதல் மோட்டார் பெட்ரோல் இல்லாமலே இன்ஜினைச் சுழற்றி, வரும் மின்சாரத்தை வீணாக்கி வேகத்தைப் பிடிக்கும். இறக்கத்தில் காலை எடுத்த பிறகும் இன்ஜின் இரைவது அதனால்தான், கோளாறு இல்லை. இந்த நேரம் முழுக்க இரண்டு மோட்டார்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. சுருள்களின் சூடு ஆயிலில் இறங்குகிறது.

சூடுதான் ஆயிலை முதுமையாக்குகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆக்சிஜனோடு சேரும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எண்ணெய் ஆய்வில் பழகிய தோராயக் கணக்கு. இதோடு புது வண்டியில் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத் துகள்களும் சேர்கின்றன. துகள்கள் மின்காப்புக்கும் நல்லதல்ல. ‘வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை’ என்று சில ஊர்களில் சொல்லப்படும் ஆயிலை, திருத்தணி வெயிலில் ஓடி மாதம் ஒருமுறை மலை ஏறி இறங்கும் வண்டியில் நான் அப்படி விட்டுவைக்க மாட்டேன். வாரண்டி இருக்கும்வரை சர்வீஸ் அட்டவணையில் உள்ளதை அதற்குரிய இடத்தில் செய்துகொள்ளுங்கள், ரசீதை வைத்திருங்கள். டொயோட்டா இந்தியாவில் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. அதைச் சிக்கலாக்கிக்கொள்ளும் அளவுக்கு இதில் பணம் மிச்சமாகாது. அதன்பின், 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நியாயம் என்பது என் கருத்து.

வேலை எளிது என்பதுதான் வியப்பு. டார்க் கன்வர்ட்டர் உள்ள சாதாரண ஆட்டோமேட்டிக்கில் டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் ஒரு பகுதி ஆயில்தான் வரும், மீதி உள்ளேயே தங்கிவிடும். டொயோட்டா ஹைபிரிட்டில் கிட்டத்தட்ட எல்லாமே இறங்கிவிடும். இரண்டாம் தலைமுறை ப்ரியஸுக்கு 3.8 லிட்டர். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும்.

ஆனால் ஹைபிரிட் சத்தமில்லாமல் உயிரோடு இருக்கும் வண்டி. ‘ரெடி’ விளக்கு எரிந்தால், நின்றிருக்கும்போதே இன்ஜின் தானாகக் கிளம்பலாம். முதலில் ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள், மின் ஹேண்ட்பிரேக் என்றால் பேட்டரியைக் கழற்றும் முன்பே போட வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ‘பி’ நிலை முன்சக்கரங்களை மட்டுமே பூட்டுகிறது, முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பூட்டால் பயனில்லை. வண்டியை அணைத்து, சாவியைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆரஞ்சு நிற வயர்களை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். இந்த வேலைக்கு அவற்றைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். வண்டி நான்கு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். மலையடிவாரச் சரிவுத் தெருவில் முன்பக்கத்தை மட்டும் தூக்கிச் செய்தால் ஆயில் மட்டம் தப்பாகக் காட்டும். பள்ளமோ லிஃப்ட்டோ உள்ள பட்டறையில் கொஞ்ச நேரம் இடம் கேட்டு வாங்கிச் செய்வது இன்னும் நல்லது.

கீழே உள்ள போல்ட்டில் கை வைக்கும் முன், ஆயில் ஊற்றும் மேல் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது இறுகிக் கிடந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடலாம். கீழே திறந்து ஆயிலை இறக்கிய பிறகு மேல் போல்ட் வரவில்லையென்றால் வண்டி நகர முடியாது. சில வண்டிகளில் குளிர்நீருக்கான போல்ட்டும் அதே உறையில், பக்கத்திலேயே இருக்கும். வெளியே வருவது ரோஸ் நிறத்தில் தண்ணீர் போல ஓடினால் அது கூலன்ட், உடனே மூடுங்கள். பழைய ஆயில் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம். தேய்ந்த தூள் சாம்பல் பசையாக வந்தால் அது இயல்பு, கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லுகள் வந்தால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

புது வாஷர் போட்டு, டார்க் ரெஞ்ச்சால் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். இரண்டாம் தலைமுறை ப்ரியஸுக்கு அது 39 நியூட்டன் மீட்டர். உறை அலுமினியம், உடல் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். நீண்ட டியூப் மாட்டிய புனலால் மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். டொயோட்டாவில், ஊற்றும் துளையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் ஆயில் நிற்க வேண்டும். சில நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஆயில் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு விரியும். ஓடி வந்து 80 டிகிரியில் இருக்கும் ஆயில், 30 டிகிரியில் இருப்பதைவிட 3.8 லிட்டரில் நூறு மில்லிக்கும் மேல் கூடுதலாகக் காட்டும். வண்டி ஆறிய பிறகு அளப்பது இதனால்தான். கூடுதலாக ஊற்றினால் பல்சக்கரம் அதை நுரையாக அடித்துவிடும், குறைந்தால் சுருள் சூடேறும்.

கடைசியாக, பழைய ஆயில். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். திருத்தணியை ஒட்டி ஓடும் நந்தியாறு கொசஸ்தலையாற்றோடு கலக்கிறது. கொசஸ்தலையின் நீர் பூண்டி ஏரியில் தேங்கி, சென்னைக்குக் குடிநீராகப் போகிறது. ஒரு லிட்டர் ஆயில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. புது ஆயில் வந்த கேன் காலியாகத்தான் இருக்கும். பழையதை அதில் ஊற்றி மூடி, பழைய ஆயிலைச் சேர்த்து முறைப்படி அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.