வடசென்னைத் தொழிற்சாலைகள் காமராஜர் கொண்டுவந்ததா?

எண்ணூர் துறைமுகம் திறந்தது 2001ல. காமராஜர் பேர் வெச்சது 2014ல. அவர் இறந்ததோ 1975ல. ஆனா "இந்தப் பக்கத் தொழிற்சாலை எல்லாமே அவர் கொண்டுவந்தது"ன்னு ராயபுரம் டீக்கடையில சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. நானும் அப்படித்தான் நம்பிட்டிருந்தேன்.

தேதியைப் பாருங்க. அவர் முதலமைச்சரானது 1954 ஏப்ரல்ல. எண்ணூர் அசோக் லேலண்டோட முந்தின அவதாரமான அசோக் மோட்டார்ஸ் 1948லயே தொடங்கியாச்சு. அப்புறம் வந்த ஆலைகள்லயும் ஐந்தாண்டுத் திட்டப் பணம், டெல்லி லைசென்ஸ், தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன்னு பல பேர் கை இருக்கு.

ரஷ்யாவை மாத்தின மன்னர் பீட்டர் விஷயத்துலயும் இதே சண்டைதான். தனி ஆளா நாட்டையே புரட்டிப் போட்டார்னு ஒரு கட்சி. இல்ல, விதை அவருக்கு முன்னாடியே விழுந்தாச்சு, அவரைத் துரத்தினது போர்ச் செலவுன்னு சொன்னவர் வரலாற்றாசிரியர் கிளுச்செவ்ஸ்கி.

அப்போ காமராஜர் என்னதான் செஞ்சார்? கோட்ல கடைசியா கை வெச்சவர் பேரை மட்டும் பார்த்து முடிவு பண்ணக்கூடாதுன்னு என் வேலை எனக்குக் கத்துக்கொடுத்திருக்கு. மதிய உணவை எடுத்துக்குவோம். 1920லயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்துல ஆரம்பிச்சது அது. ஒரு நகரத்துக்குள்ள இருந்த திட்டத்தை 1956ல மாநிலம் முழுக்க எடுத்துட்டுப் போனது காமராஜர் அரசு. ஊர்க்காரங்க கொடுத்ததோட அரசும் பணம் போட்டுச்சு. யோசனை பழசுதான். தொழிற்சாலைக் கணக்குல அவர் பங்கைக் கொஞ்சம் குறைப்பேன். கிராமத்துப் பள்ளிக்கூடத்துல உலை கொதிச்ச கணக்குல குறைக்க மனசு வரல.